தகரச் சத்தத்திலிருந்து ஒரு வாத்திய இசை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியைப் பற்றி ஒரு வீடியோ வந்தால் பின்னணியில் ஒரு வயலின் கட்டாயம் அழும். எந்த ஊர், எந்த நேரம் என்று அந்த வயலினுக்குக் கவலையில்லை. அப்படி இல்லாமல், பாட்டு வரிகளே இல்லாத ஓர் இசையை உங்கள் சொந்த ஊரிலிருந்து எடுக்க ஆசையா? ஒரு போன், ஓர் இலவச கீபோர்ட் செயலி போதும்.

1. இடத்தோடு பொழுதையும் எழுதுங்கள்

"இரணைமடு" என்று மட்டும் எழுதினால் காணாது. குளம் நிரம்பி வான் பாயும் மார்கழிப் பகல் வேறு, குளம் வற்றிய ஆவணிப் பின்னேரம் வேறு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள், அதாவது எல்லாவற்றுக்கும் அடிப்படை, என்கிறது. பறையையும் யாழையும் கருப்பொருளில், அதாவது அந்த நிலத்துக்குரிய பொருள்களில், வைக்கிறது. நான் எடுத்தது முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் ஒரு வயல், காலபோகக் (மழைக்கால நெல்) கதிர் முற்றும் தை மாத நடுச்சாமம்.

2. அங்கே உங்களுக்கு நடந்த ஒன்று

பெரிய சம்பவம் தேவையில்லை. காவல் கொட்டிலில் அப்பா யானைக்கும் பன்றிக்கும் தகரம் தட்டுவார். மூன்று தட்டு, பிறகு அமைதி. வீட்டில் அம்மா பாயில் படுத்தபடி அதை எண்ணுவார். அடுத்த தட்டு பிந்தினால் எழுந்து குந்திவிடுவார். தகரத்தைவிட அந்த இடைவெளிதான் இன்றும் என் காதில் நிற்கிறது.

தோன்றியதை உடனே போனில் முணுமுணுத்துப் பதியுங்கள். 1829இல் ஸ்கொட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகள் பக்கம் போன ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன், மனதில் வந்த தொடக்கத்தை வீட்டுக்கு எழுதிய கடிதத்திலேயே சுரமாக எழுதி அனுப்பினார். முழு இசையும் முடிய அப்புறம் சில வருடம் பிடித்தது.

3. தாளம்

வேகம் 60, அதாவது நிமிடத்துக்கு அறுபது அடி. எட்டு அடி ஒரு சுற்று. முதல் மூன்றில் தட்டு, மற்ற ஐந்தும் வெறுமை. பழைய பால்மா பேணியைக் கரண்டியால் தட்டிப் பதியலாம்.

4. சுரம்

மோகனம் எடுங்கள்: ச ரி க ப த. கீபோர்டில் சி, டி, ஈ, ஜி, ஏ; எல்லாம் வெள்ளைக் கட்டை, பிழை விட இடம் குறைவு. பழைய முல்லைப்பண்தான் இன்றைய மோகனம் என்று இசை ஆய்வாளர்கள் சொல்வார்கள். காடும் காத்திருப்பும் முல்லைக்குரியவை என்பதால் எனக்கு இது வசதி.

புல்லாங்குழல் ஒலியில், தட்டு ஓய்ந்த அந்த ஐந்து அடிக்குள் மட்டும் வாசியுங்கள். இரண்டு மூன்று சுரம் போதும். நடுவில் ஒரு சுற்றில் ஈ-யை விட்டு, அதற்கு இடப்பக்கக் கறுப்புக் கட்டையை அழுத்துங்கள். காந்தாரம் (க, அதாவது அந்த ஈ) மட்டும் இறங்க, மோகனம் சோக ராகமான சிவரஞ்சனி ஆகிவிடும். அம்மா எழுந்து குந்துவது அங்கேதான். உடனே மோகனத்துக்குத் திரும்பிவிடுங்கள். நாலைந்து தடவை வைத்தால் பழையபடி வீடியோ வயலின்தான்.

5. சேர்க்காமல் விடுவது

ஆட்காட்டி, தவளை, மயில் எல்லாம் பதிந்து சேர்க்கக் கை துறுதுறுக்கும். நானும் சேர்த்தேன். விவசாய நிகழ்ச்சி மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

6. முடிப்பு

பதினாறு சுற்று, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசிச் சுற்றில் தகரத்தை நிறுத்திவிட்டுக் குழலை மட்டும் விட்டேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க, கொப்பா நித்திரையாப் போனாரோ?" என்று கேட்டார்.