குடும்பத்தில் பருமனும் சர்க்கரையும் இருந்தால் கர்ப்ப காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

அம்மாவுக்குச் சர்க்கரை, அக்காவுக்கு உடல்பருமன், உங்களுக்கும் எடை கூடுதல். இந்த நிலையில் கருவுற்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது மரபணுச் சோதனைதான். அதை ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.

எஃப்டிஓ மரபணுவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007இல் உறுதியானது. எடை கூட்டும் வகை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தாலும், சராசரியாகக் கூடுவது சுமார் 3 கிலோதான். எம்சி4ஆர் என்ற இன்னொரு மரபணு பசி அடங்கும் உணர்வோடு தொடர்புடையது. இவை எடை வழியாகச் சர்க்கரையைத் தூண்டுகின்றன. டிசிஎஃப்7எல்2, எம்டிஎன்ஆர்1பி போன்ற மரபணுக்களோ கணையம் இன்சுலின் சுரக்கும் திறனையே பாதிக்கின்றன. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் கணையம் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். அது முடியாதபோது சர்க்கரை ஏறும். ஒல்லியான பெண்களுக்கும் வருவது இதனால்தான். இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றின் தள்ளலும் சிறியது. அவற்றின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்துத்தான் மாற்றுவார்.

முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியவை: குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது, முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, முந்தைய குழந்தை 4 கிலோவைத் தாண்டியதா, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டா. அப்போதே வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நீரிழிவாக அது இருக்கலாம். அளவு சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். ‘முதலிலேயே நார்மல்’ என்று இதைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அந்தச் சோதனைக்கு இரவு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலை 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மி.கி. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்பது உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்ற அளவுகோல். முந்தைய 3 நாட்கள் வழக்கம்போல் சாப்பிடுங்கள். பயந்துபோய் மாவுச்சத்தைக் குறைத்தால் முடிவு பொய்யாக உயரும். நடுவில் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் நெடுநேரம் அப்படியே வைத்தால், ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்று அளவைக் குறைத்துக் காட்டிவிடும். இந்தச் சோதனைக்குப் பதிலாக, சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தச் சோதனை போதாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாக மாறுவதால் அது குறைத்தே காட்டும்.

சர்க்கரை உறுதியானால் வீட்டில் தினம் 4 முறை பாருங்கள்: காலை எழுந்ததும், மூன்று வேளை உணவுக்குப் பின்னும். இலக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, உணவு தொடங்கி ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே. பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும்.

பட்டினி கிடக்காதீர்கள். நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை. அதை 3 வேளை உணவு, 2 அல்லது 3 சிற்றுணவு எனப் பிரியுங்கள். காலையில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதல், ஆகவே அந்த வேளையின் பங்கு குறைவாக இருக்கட்டும். மருத்துவர் தடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 10–15 நிமிடம் நடங்கள். எடை கூட்டும் எஃப்டிஓ வகை உள்ளவர்களிடமும், உடலுழைப்பு இருந்தால் பருமனுக்கான தள்ளல் குறைகிறது. கர்ப்பத்துக்கு முன் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 30க்கு மேல் இருந்தவர்கள் மொத்தம் 5–9 கிலோ, 25–29.9 இருந்தவர்கள் 7–11.5 கிலோ ஏறினால் போதும்.

ஓரிரு வாரத்தில் இலக்குக்குள் வரவில்லை என்றால் இன்சுலின் தேவைப்படும். அது உங்கள் தோல்வி அல்ல. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேரும். இன்சுலின் அப்படிக் கடப்பதில்லை.

மரபணுச் சோதனை உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று உண்டு: ஜிசிகே என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். ஒல்லியான உடல், வெறும் வயிற்றில் எப்போதும் 100–145, உணவுக்குப் பின் ஏற்றம் சிறிதே, குடும்பத்திலும் தலைமுறைதோறும் லேசான சர்க்கரை என்றால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். இந்த மாற்றம் குழந்தைக்கும் வந்திருந்தால் தாயின் அந்த அளவே அதற்கு இயல்பு. இன்சுலின் போட்டுக் குறைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். அதனால் ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

பிரசவமானதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் 4 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் 75 கிராம் சோதனை வேண்டும். இப்போது அளவுகோல் வேறு: வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200. பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை. குழந்தையின் தடுப்பூசித் தேதியோடு சேர்த்து இதையும் இப்போதே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் தாயின் சோதனைதான் முதலில் மறந்துபோகும்.