குரல்வளை பயாப்சி ரிப்போர்ட்டில் கேள்விப்படாத பெயர் வந்தால்

அப்பா 31 வருடம் பஸ் கண்டக்டர். விசில் ஊதி, ஸ்டாப் பெயர் சொல்லிக் கத்திய தொண்டை என்பதால், குரல் கரகரத்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீடி, சிகரெட் பழக்கமும் கிடையாது. மாடி ஏறும்போது மூச்சு இழுப்பில் ‘உய்ய்’ என்று சத்தம் வந்த பிறகுதான் ஈஎன்டி டாக்டரிடம் போனோம். குரல்நாணுக்குக் கீழே ஒரு வீக்கம். மேல்தோல் வழவழவென்று இருந்தது. பயாப்சி எடுத்தார்கள். ‘புற்று இல்லை’ என்று ரிப்போர்ட். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம்.

சத்தம் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில், கிரைகாய்டு என்ற வளையக் குருத்தெலும்பில் பொரி சிதறியதுபோல் வெள்ளைத் திட்டுகள். இந்தமுறை ஆழமாகக் கிள்ளி எடுத்ததில் பெயர் வந்தது: லோ கிரேட் காண்ட்ரோசார்கோமா. குருத்தெலும்பில் வரும் புற்று; லோ கிரேட் என்றால் வீரியம் குறைவு, மெதுவாக வளர்வது. முதல் பயாப்சியில் மேலே போர்த்தியிருந்த நல்ல தோல் மட்டும்தான் வந்திருக்கிறது. ஆகவே ‘புற்று இல்லை’ என்று வந்தும் தொந்தரவு தொடர்ந்தால், “சதை போதுமான ஆழத்திலிருந்து வந்ததா?” என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரி. குரல்வளைப் புற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது உள்தோலின் தட்டைச் செல்லில் வருவது. அந்தப் பெயர் இருந்தாலும் முன்னால் ஒட்டியிருக்கும் சொல்லை விடாதீர்கள். ‘வெருக்கஸ்’ என்றால் மரு போல மெதுவாக வளர்வது. அதிலும் மேலாகக் கிள்ளினால் வெறும் மரு என்றே ரிப்போர்ட் வரலாம். ‘ஸ்பிண்டில் செல்’, ‘பேசலாய்டு’ என்றும் உண்டு.

வேறு பெயரே வந்திருந்தால், குரல்வளையை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். லிம்போமா (நிணநீர்ச் செல்லில் வரும் புற்று) என்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், மருந்தும் கதிர்வீச்சும்தான். ஸ்மால் செல் வகைக்கும் அப்படியே. அப்பாவுக்கு வந்தது நேரெதிர்: அறுவைதான் வழி, கீமோ பெரிதாக எடுபடாது. அடினாய்டு சிஸ்டிக் என்ற சுரப்பிப் புற்று நரம்பு வழியே ஊர்ந்து போகும், பல வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டும். அதற்கு நெஞ்சு ஸ்கேனை நிறுத்தவே கூடாது.

இந்தப் பெயர்களை, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சதைக்கு ஏற்றும் சாதாரணச் சாயம் மட்டும் வைத்து உறுதி செய்வது பல சமயம் கஷ்டம். “ஐஎச்சி பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று நிறம் ஏற்றிக் காட்டும் சோதனை அது. இதிலும் குழப்பம் உண்டு. குரல்வளையில் வரும் சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்லில் வருபவை) கால்சிடோனினுக்கு நிறம் காட்டும். அது தைராய்டில் சுரக்கும் ஹார்மோன். தைராய்டிலிருந்து பரவியதோ என்று சந்தேகம் வரும். அப்போது தைராய்டு ஸ்கேனும் ரத்தத்தில் கால்சிடோனின் அளவும் பார்ப்பார்கள்.

அப்புறம், இரண்டாவது கருத்து. காகிதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள்) மெழுகு பிளாக்கையும் வாங்குங்கள். பிளாக் என்பது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, நடுவில் நகத்துண்டு போலச் சதை. கவுன்டரை விட்டு நகரும் முன் அதன்மேல் உள்ள எண்ணையும் ரிப்போர்ட் எண்ணையும் ஒப்பிடுங்கள். எங்களுக்குக் கொடுத்த இரண்டில் ஒன்று வேறு யாருடையதோ! அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்டுபிடித்தார். வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

புற்று டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் நல்லது. நாங்கள் கேட்டது மூன்று கேள்விதான்: கிரேடு என்ன, வளையத்தில் எவ்வளவு போயிருக்கிறது, ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா? மூச்சுப் பாதையில் முழு வளையமாக இருப்பது கிரைகாய்டு மட்டும்தான். பாதிக்கு மேல் எடுத்தால் பாதை நிற்பது சிரமம். அப்பாவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் எடுத்தார்கள். ஏழு வாரம் கழுத்தில் குழாயோடு இருந்தார். குழாயை எடுத்த அன்று சொன்ன முதல் வார்த்தை “ரைட்”.

இந்த வகை பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் ஸ்கேன் தொடர்கிறது. பழைய ஸ்கேன் பதிந்த சிடி தட்டுகளை நாங்கள் பிஸ்கட் டப்பாவில் தேதி எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்த டப்பாவும் கூட வரும். புதுப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு டாக்டர் எழுதப் போனால் அம்மா விடமாட்டார்.