பல் அச்சும் யூவி பெட்டியும்: கிளினிக்கில் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு

கிளிநொச்சியில் ஒரு சின்ன பல் லாப்பில் கட்டுப்பல்லும் கிரவுணும் செய்கிறேன். புதுக்குடியிருப்பு, மாங்குளம், முழங்காவில் என்று பல பக்கமிருந்தும், நோயாளியின் வாயில் பதித்து எடுத்த பல் அச்சுகள் எங்களிடம் வருகின்றன. கிளினிக்கில் அச்சைத் தொடுபவர் சில நிமிடங்கள்தான் தொடுகிறார். பையைத் திறப்பது, ஓரம் வெட்டுவது, மொடல் செய்ய ஸ்டோன் என்ற பல் சாந்தை ஊற்றுவது, இறுகியபின் பிரித்தெடுப்பது எல்லாம் எங்கள் கைகள்தான். இப்போது சில கிளினிக்குகள் யூவி பெட்டி, அதாவது புற ஊதா ஒளியால் கிருமி கொல்லும் பெட்டி, வாங்கியிருக்கின்றன. எனக்கு அது சந்தோஷம். ஆனால், "அக்கா, யூவியில வைச்சுத்தான் அனுப்பினனாங்கள், கழுவத் தேவையில்லை" என்று சொல்லி வந்த அச்சில், கடைவாய்ப்பல் பதிந்த குழிக்குள் இரத்தம் காய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் 7 நாட்கள்வரை தொற்றும் நிலையில் இருக்கக்கூடியது. பரந்தன் சந்தியில் பஸ் மாறி வருகிற பார்சல் அதே நாளில் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யூவி ஒளி, தான் நேரே படும் இடத்தை மட்டும்தான் சுத்தம் செய்யும். எச்சிலுக்குக் கீழே, இரத்தத்துக்குக் கீழே, நிழல் விழும் குழிக்குள் அது எதுவும் செய்யாது. கழுவுவதும் கிருமிநீக்கி அடிப்பதும் முன்னால், யூவி பின்னால். கிருமிநீக்கியின் இடத்தை இந்தப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த யூவி என்பதிலும் கவனம் வேண்டும். கிருமி கொல்வது யூவி-சி. அதன் அலைநீளம் 200 முதல் 280 நனோமீற்றர். பாதரச ஆவி ரியூப்பில் இருந்து வருவது ஏறக்குறைய 254 நனோமீற்றர். அந்த ஒளி கிருமியின் டிஎன்ஏயைச் சேதப்படுத்தி, அது பெருகவிடாமல் செய்கிறது. வாங்கும்போது பெட்டியிலோ ரியூப்பிலோ 253.7 அல்லது 254 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரியூப் கண்ணாடி தெளிவாக இருக்கும், வீட்டு ரியூப் லைட்டில் உள்ள வெள்ளைப் பூச்சு இருக்காது. நகப்பூச்சு காயவைக்கும் லைட், கள்ள நோட்டுப் பார்க்கும் லைட், ஊதா நிறத்தில் மின்னும் மலிவான எல்இடி பட்டிகள் எல்லாம் யூவி-ஏ அல்லது வெறும் ஊதா ஒளி. டொக்டர் ஃபில்லிங்கை இறுக வைக்கும் நீல லைட்டும் இந்த வேலைக்கு உதவாது.

வெயிலில் வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வன்னி வெயிலுக்குக் கிருமி நிற்குமா என்று நினைப்பது இயல்புதான். சூரிய ஒளி பக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று டௌன்ஸ், பிளண்ட் என்ற இருவர் 1877இலேயே காட்டினார்கள். தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சூரியனில் இருந்து வரும் யூவி-சியை ஓசோன் படலம் மேலேயே பிடித்துவிடுகிறது. கீழே வந்து சேரும் வெயில் வேலை செய்ய நீண்ட நேரம் எடுக்கும், அவ்வளவு நேரம் அல்ஜினேட் (தண்ணீரில் கலந்து அச்சு எடுக்கும் பவுடர்) தாங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்த அல்ஜினேட் அச்சு சுருங்கிவிடும். அதில் செய்த பல் அந்த ஆச்சியின் முரசில் உட்காராது.

சரி, வேலைக்கு வருவோம்.

அச்சு எடுப்பதற்கு முன்பே நோயாளியை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இங்கே கட்டுப்பல்லுக்கு வருபவர்களில் நிறையப்பேர் வெற்றிலை போடும் ஐயாமாரும் ஆச்சிமாரும். பாக்குத் துகள் அல்ஜினேட்டில் ஒட்டினால் பிறகு எடுப்பது கஷ்டம். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. அச்சில் ஏறும் கிருமிகள் அங்கேயே குறைந்துவிடும்.

அச்சு வெளியே வந்ததும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எச்சில் வழுவழுப்புப் போகும்வரை கழுவ வேண்டும், சும்மா நனைத்து எடுப்பது போதாது. வழுவழுப்பு விடாவிட்டால் கொஞ்சம் ஸ்டோன் பவுடரைத் தூவி, மென்மையான பிரஷால் தடவிக் கழுவுங்கள், பவுடர் சளியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ட்ரேயின் (அச்சுப் பொருளை வாய்க்குள் வைக்கும் தட்டின்) கைபிடியையும் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். எங்கள் விரல் முதலில் படுவது அங்கேதான்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. அல்ஜினேட் கலக்க அதை எடுக்காதீர்கள். எங்கள் நிலத்தடி நீரில் கல்சியம் அதிகம், அது அல்ஜினேட்டைச் சீக்கிரம் இறுக்கிவிடும். வெக்கையும் அதையேதான் செய்யும். வடிகட்டிய குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் அச்சு நன்றாக விழும். நுண்ணிய விபரமெல்லாம் ஒழுங்காகப் பதிந்த அச்சைக் கழுவுவதும் சுலபம்.

அடுத்தது கிருமிநீக்கி. ஏறக்குறைய 5 சதவீத பிளீச் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். அப்போது 0.5 சதவீதம் வரும். போத்தலில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்துக் கணக்கைச் செய்யுங்கள், எல்லாப் போத்தலும் ஒன்றல்ல. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்க வேண்டும். வெக்கையிலும் வெளிச்சத்திலும் குளோரின் பலம் இழந்துவிடும், யன்னலோரத்தில் ஸ்பிறே போத்தல் வைப்பது அதனால்தான் கூடாது. டொய்லெட் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். அச்சின் எல்லாப் பக்கமும் ஈரமாகும்படி ஸ்பிறே அடித்து, பொலித்தீன் பையில் போட்டு மூடி 10 நிமிடம் விட்டு, மறுபடி கழுவுங்கள். அல்ஜினேட்டை ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், தண்ணீரில் கிடந்தால் இழுத்து ஊதிவிடும், காற்றில் கிடந்தால் வற்றிச் சுருங்கிவிடும். பொலிஈதர் என்ற அச்சுப் பொருளும் தண்ணீர் இழுக்கும், அதையும் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது. அடிஷன் சிலிக்கோன் என்ற இன்னொரு அச்சுப் பொருள் இந்த விஷயத்தில் தங்கம், அது அசையாது.

இப்போதுதான் யூவி பெட்டி. அச்சில் நிற்கும் தண்ணீர்த் துளிகளை உதறிவிட்டு, பை இல்லாமல், துணி சுற்றாமல் வெறுமையாக வையுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால் கீழிருந்து வரும் ஒளி முழுதும் வீண், சாதாரணக் கண்ணாடி யூவி-சியை விடாது. பெட்டிக் கதவின் கண்ணாடியால் பார்க்கும்போது உங்கள் கண் தப்புவதும் அதே காரணத்தால்தான். கம்பித் தட்டு இருந்தால் நல்லது. ஒரு நேரத்தில் ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். இரண்டு ட்ரேயை மேலும் கீழுமாக வைத்தால் கீழே உள்ளது நிழலில்தான் இருக்கும்.

நிழலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெரும்பாலான பெட்டிகள் தோற்பது இங்கேதான். கீழ்த்தாடை அச்சை எடுத்துப் பாருங்கள். நாக்குப் பக்கச் சுவர் உயரமாக எழும்பி உள்ளே வளைந்து நிற்கும். பல் பதிந்த குழிகள் ஆழமாக இருக்கும். மேலே மட்டும் ஒரு ரியூப் உள்ள பெட்டியில் அச்சை மல்லாக்க வைத்தால், குழியின் அடிக்கு ஒளி போகும், சுவர்களுக்குச் சரிவாகக் கொஞ்சம் போகும், வளைவின் கீழே எதுவும் போகாது. ஆகவே ஒரு முறை நேராக, பிறகு ஒரு பக்கம் சரித்து, பிறகு மறுபக்கம் சரித்து, கடைசியாகக் கவிழ்த்து என்று திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் முழு நேரம். பெட்டியின் உட்சுவர் பளபளப்பான அலுமினியமாக இருந்தால் ஒளி நன்றாகத் தெறித்து நிழல் குறையும். துருப்பிடிக்காத உருக்கு பளபளத்தாலும் யூவி-சியை அவ்வளவு தெறிக்காது, வெள்ளைப் பெயின்ட் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். வாங்கும்போது கடைக்காரரிடம் உட்சுவர் என்ன உலோகம் என்று கேளுங்கள்.

நேரத்துக்குப் பெட்டியோடு வந்த கையேட்டைப் பின்பற்றுங்கள். பின்னால் உள்ள கணக்கு சுலபம்: ஒளியின் வலுவை நேரத்தால் பெருக்குவது. ட்ரே இருக்கும் இடத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.1 மில்லிவாற் விழுகிறது என்றால் 10 நிமிடத்தில் 60 மில்லிஜூல். ரியூப் பழசாகி வலு பாதியானால் அதே 10 நிமிடத்தில் 30தான். பக்டீரியாவுக்குப் போதுமானது பூஞ்சைக்குப் போதாமல் போகலாம். கட்டுப்பல் போடுகிறவர்களின் வாயில் கண்டிடா பூஞ்சை சாதாரணம், அதனால் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கரண்ட் இடையில் போய் வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து போடுங்கள்.

அல்ஜினேட்டுக்கு மட்டும் நான் வேறு மாதிரிச் சொல்வேன். கழுவி, ஸ்பிறே அடித்து, மறுபடி கழுவியதும் உடனே ஸ்டோன் ஊற்றிவிடுங்கள். நான்கு நிலையாகத் திருப்பித் திருப்பி யூவியில் வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சூட்டில் அது வற்றிவிடும். டொக்டர் கட்டாயம் வைக்கச் சொன்னால், பெட்டியின் மூலையில் ஈரக் கோஸ் ஒன்றை வைத்து, நேரத்தைக் குறுக்கி, வெளியே எடுத்த கையோடு ஊற்றுங்கள். யூவி உண்மையில் கைகொடுப்பது சிலிக்கோன் அச்சுக்கும், மேல், கீழ்ப் பற்களின் கடியைப் பதித்த சிலிக்கோனுக்கும், லாப்புக்கும் கிளினிக்குக்கும் இடையே போய்வரும் அக்ரிலிக் பல்லுக்கும்தான். மெழுகில் அடுக்கிய பல்லை வைக்கும்போது பெட்டி ஏற்கெனவே சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், மெழுகு இளகினால் கடி மாறிவிடும்.

ரியூப் பராமரிப்பைப் பலர் கவனிப்பதில்லை. நீல வெளிச்சம் தெரிகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நீலம் அப்படியே இருக்க, தெரியாத யூவி-சி குறைந்துகொண்டே போகும். ரியூப் மாட்டிய திகதியைப் பெட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எரிந்த மணித்தியாலங்களைக் கொப்பியில் கூட்டிக்கொண்டு வந்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லை வந்ததும் மாற்றுங்கள், எரிகிறதே என்று வைத்திருக்க வேண்டாம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் செம்மண் புழுதி எல்லாவற்றிலும் படியும், ரியூப்பிலும்தான். பிளக்கைக் கழற்றி, ரியூப் ஆறியபின், அல்கஹோல் நனைத்த நூல் உதிராத துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள். வெறும் விரலால் பிடித்தால் கை எண்ணெய் ஒட்டிவிடும்.

கதவு திறந்தால் தானாக அணையும் சுவிட்ச் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். யூவி-சி கண்ணில் பட்டால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்து, இரவில், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், கண் திறக்க முடியாது. தோலும் சிவந்து எரியும். அந்தச் சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தி வைத்துப் பரிசோதிப்பது, பிள்ளைகளுக்கு நீல லைட்டைக் காட்டுவது இரண்டும் வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது காரமான மணம் வந்தால் அது ஓசோன், யன்னலைத் திறந்துவிட்டு, ஓசோன் வராத வகை ரியூப்புக்கு மாறுங்கள். ரியூப் உடைந்தால் உள்ளே பாதரசம் இருக்கிறது: எல்லோரும் வெளியே வந்து, காற்றோட்டம் விட்டு, பிறகு தடித்த கடதாசியால் துண்டுகளைச் சேர்த்து மூடிய போத்தலில் போடுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் பாதரசம் பரவிவிடும்.

இனிப் பார்சல். முல்லைத்தீவுப் பக்கமிருந்து அல்ஜினேட் அச்சை அப்படியே பஸ்ஸில் அனுப்பாதீர்கள், அங்கேயே ஊற்றி, இறுகிய மொடலை அனுப்புங்கள். சிலிக்கோன் என்றால் அச்சாகவே வரலாம். புதிய பையில் போடுங்கள், நோயாளியைத் தொட்ட கிளவுஸ் கையால் பழைய பையை மறுபடி திறந்து மூடினால் செய்த வேலை எல்லாம் போய்விடும். பையின் மேல் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன பொருள், எந்தக் கிருமிநீக்கியில் எத்தனை நிமிடம், யூவியில் எத்தனை நிலை எத்தனை நிமிடம். செய்யாததை "செய்யவில்லை" என்று எழுதினால் நாங்கள் கோபிக்கமாட்டோம், இங்கே முதலிலிருந்து செய்துகொள்வோம். ஒன்றும் எழுதாமல் வரும் பையை நாங்கள் கழுவாத அச்சாகத்தான் எடுக்கிறோம். அப்போது அல்ஜினேட்டாக இருந்தால் இரண்டாம் முறை ஸ்பிறே பட்டு அளவு மாறக்கூடும், அந்த ஐயா மறுபடி ஒருமுறை பஸ் ஏறி உங்களிடம் வர வேண்டியிருக்கும்.