ஃபைபர் படகில் கயிறும் வலையும் சிக்காமல் வைக்கும் வழி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் அந்த நாட்களில் கயிறு, வலை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுச் சரிபார்த்துவிடுவார்கள். அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய நம் ஃபைபர் படகுக்கு அப்படியொரு ஓய்வு கிடையாது. அன்றைய சிக்கலை அன்றைக்கே எடுத்தால்தான் உண்டு. 28 அடிப் படகில் ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், வலை, நங்கூரம் எல்லாம் ஏறிய பிறகு கால் வைக்க மிஞ்சுகிற இடமும் கொஞ்சம்தான்.

முடிச்சுப் போடவும் நங்கூரம் இறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கடலில் எது முதலில் வெளியே போக வேண்டுமோ, அது மேலே இருக்க வேண்டும். கரையில் பார்க்க அழகாக இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை.

1. முதலில் பழையதைக் கழியுங்கள்

படகில் இருக்கும் கயிறு முழுவதையும் மணலில் இறக்கிப் பாருங்கள். வெயிலில் கிடந்த பாலிபுரொப்பிலீன் கயிற்றைக் கையால் தேய்த்தால் பொடியாக உதிரும். அதை இழுவைக்கு நம்பக் கூடாது. "எதற்காவது ஆகும்" என்று துண்டுக் கயிறுகளைச் சேர்த்து வைப்பதுதான் பாதிக் குப்பைக்குக் காரணம். தேறுவதில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கரையில் குப்பையில் சேருங்கள். கடலில் வீசினால் அடுத்தவர் இன்ஜின் விசிறியில்தான் போய்ச் சுற்றும்.

நங்கூரத்துக்கு என் தேர்வு 12 மில்லிமீட்டர் நைலான், மூன்று புரி (மூன்று இழையை முறுக்கித் திரித்தது). நைலான் தண்ணீரில் அமிழும், அலை தூக்கும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பாலிபுரொப்பிலீன் விலை குறைவு, ஆனால் மிதக்கும். மிதக்கிற கயிற்றை நங்கூரத்துக்குப் போட்டால், நீவாடு (கடல் நீரோட்டம்) தளர்ந்த நேரத்தில் அது மேலே வந்து கிடக்கும், பக்கத்துப் படகு அதன்மேல் ஏறும். வலையின் மேல்கயிற்றுக்கு அதே கயிறு அருமையானது.

2. நுனிகளைக் கட்டுங்கள்

நுனி பிரிந்த கயிறு எதிலும் மாட்டும். நெருப்பில் உருக்கி விடுவது சுலபம்தான். ஆனால் உருகி இறுகிய முனை பிளேடு மாதிரி ஆகிவிடும், வேகமாக ஓடும்போது உள்ளங்கையைக் கிழிக்கும். முதலில் வலை நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, அதன் பிறகு நுனியை லேசாகச் சூடு காட்டுங்கள்.

3. நங்கூரக் கயிற்றைக் கூடையில் விடுவது

என்னை நெடுநாள் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கயிற்றை வட்டம் வட்டமாகச் சுற்றித் தரையில் வைத்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். படகு இரண்டு ஆட்டம் ஆடியதும் ஒரு வட்டம் இன்னொன்றுக்குள் விழும். நங்கூரம் போடும்போது மூன்று நான்கு சுற்று ஒன்றாகக் கிளம்பி வரும். அதற்குள் யாருடைய காலாவது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுற்றவே வேண்டாம். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் மீன் பெட்டியோ ஆழமான கூடையோ ஒன்று எடுங்கள். வாளி ஆகாது, தண்ணீர் தேங்கும். பெட்டியை அணியத்தில் (படகின் முன்பக்கம்) கட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். கயிற்றின் கடைசி முனையைப் பெட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே எடுத்துப் படகோடு கட்டுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். அந்தக் கட்டு மெல்லிய கயிற்றில் இருக்கட்டும். வேறு வழியில்லாத நேரத்தில் ஒரே வெட்டில் அறுத்துவிட்டுக் கிளம்பலாம்.

இப்போது கயிற்றைக் கைக்குக் கை இழுத்து, விழுகிறபடி பெட்டிக்குள் விடுங்கள். அடுக்காதீர்கள், கையால் அமுக்காதீர்கள். குழம்பு மாதிரிதான் தெரியும், பரவாயில்லை. எந்த வரிசையில் உள்ளே போனதோ அதற்கு நேர் தலைகீழாக வெளியே வரும். ஆகவே நங்கூர முனை கடைசியாக, மேலே இருக்க வேண்டும். சங்கிலியும் நங்கூரமும் பெட்டிக்கு வெளியே.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். படகு கழுவுகிறவர் கயிற்றை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டுப் பெட்டியைக் கழுவி, மறுபடி அள்ளிப் போட்டுவிடுவார். அடி மேலாகி, மேல் அடியாகி, வரிசை போய்விடும். பெட்டியைக் கயிறோடு சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள். கவிழ்ந்துவிட்டால், முழுக்க வெளியே எடுத்து முதலிலிருந்து விடுவதைத் தவிர வழியில்லை.

எவ்வளவு கயிறு வேண்டும்? அமைதியான கடலில் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு, காற்றடித்தால் ஐந்து மடங்குக்குக் குறையாமல். பத்து பாகத் தண்ணீருக்கு ஐம்பது பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறு அடி). நங்கூரத்தை எப்போதும் அணியத்திலிருந்தே போடுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை நேராக இன்ஜின் பக்கம் ஏறி உள்ளே விழும்.

4. சுற்றித்தான் வைக்க வேண்டிய கயிறு

கரையில் கட்டும் கயிறு, இழுவைக் கயிறு இவை கையில் இருக்க வேண்டியவை. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். புரிகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏறினால் (கடையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்) கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கட்டைவிரலால் அதே திசையில் அரை முறுக்குக் கொடுங்கள், கயிறு தானாகப் படியும். எதிர்த்திசையில் சுற்றினால் குறுக்கே குறுக்கே மடங்கி அடம் பிடிக்கும். பின்னல் கயிற்றுக்குப் புரி கிடையாது, அதை எட்டுப் போல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஏற்கெனவே முறுக்கேறிப்போன கயிறு என்றால், ஒரு முனையைப் பின்னால் கட்டி, மறுமுனையில் எதுவும் கட்டாமல் ஓடும் படகின் பின்னால் கொஞ்ச நேரம் இழுபட விடுங்கள். முறுக்குத் தானே கழன்றுவிடும். இன்ஜினை நிறுத்துவதற்கு முன் முழுக்க உள்ளே இழுத்துவிட வேண்டும்.

5. வலையும் தூண்டிலும்

வலையை இழுக்கும்போதே ஒருவர் மிதவைப் பக்கம், ஒருவர் ஈயப் பக்கம் நின்று இரண்டையும் தனித்தனிப் பக்கமாகக் குவித்தால் மறுநாள் விடுவது எளிது. அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள், ஆணி முனையிலும் உடைந்த ஃபைபர் விளிம்பிலும் மாட்டாது. மேலே மூடவும் ஒன்று வேண்டும். வெயில் நரம்பு (ஒற்றை நைலான் இழை) வலையை வீணாக்கும், கரையில் மீன் வாடைக்கு எலி வந்து கடிக்கும். மூடுவதற்கு முன் நண்டு, மீன் துணுக்கு எல்லாவற்றையும் உதறிவிடுங்கள்.

நீளத் தூண்டில் கயிற்றுக்கு வட்டக் கூடை. பழைய ரப்பர் செருப்பைப் பட்டையாகக் கீறி கூடையின் விளிம்பில் சுற்றிக் கட்டுங்கள். நரம்பு நடுவில் விழ, தூண்டில் முட்களை வந்த வரிசையிலேயே ரப்பரில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போகலாம். தெர்மோகோல் வேண்டாம், ஒரு வாரத்தில் உதிர்ந்து படகெல்லாம் வெள்ளையாகும்.

6. கத்தி

இரண்டு கத்தி: அணியத்தில் ஒன்று, இன்ஜின் பக்கம் ஒன்று. ரம்பப் பல் உள்ள, மடக்காத கத்தி. மடக்குக் கத்தியை ஈரக்கையால் திறக்க நேரம் இருக்காது. விலை உயர்ந்தது தேவையில்லை, எப்படியும் துருப்பிடிக்கும், அடிக்கடி தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

பின்சேர்க்கை: இடக்கைக்காரர் ஒருவர் கயிறு சுற்றும் திசையை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். திசையைத் தீர்மானிப்பது கயிற்றின் முறுக்கு, கை அல்ல. முதலில் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இன்னொருவர், பாகக் கணக்குக்குக் கயிற்றில் பெயின்ட் அடித்தது அழிந்துவிடுகிறது என்றார். ஐந்து பாகத்துக்கு ஒன்றாக, புரிகளுக்கு நடுவே துணிப் பட்டையைச் செருகி இழுத்துவிடுங்கள். முதல் அடையாளத்துக்கு ஒரு பட்டை, இரண்டாவதுக்கு இரண்டு. இருட்டில் தடவியே எண்ணிக்கொள்ளலாம். முடிச்சுப் போட்டு அடையாளம் வைக்காதீர்கள், அந்த இடத்தில் கயிற்றின் பலம் குறையும், பெட்டியிலிருந்து ஓடும்போது மாட்டவும் செய்யும்.