முதல் படக்கதையை வெளியிடுவோர் வாசகரிடமும் பத்திரிகையிடமும் பேசும் முறை: ஒரு செய்முறை விளக்கம்

ஈரோடு, திருப்பூர், கோவை, பொள்ளாச்சி என நம் பகுதியில் சொந்தமாகப் படக்கதை வரைந்து, 300 அல்லது 500 பிரதிகள் அச்சிட்டுத் தாமே விற்கத் துணிகிற இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். கட்டங்களைப் பிரிப்பதையும் பலூனுக்குள் எழுத்து அமைப்பதையும் அச்சகத்தில் தாள் தேர்ந்தெடுப்பதையும் அவர்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் கிடைக்கிறார்கள். புத்தகத்தைப் பற்றி யாரிடம், எதை, எந்த வரிசையில் பேசுவது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் முதல் புத்தகத்தில் நானும் அப்படித்தான் கற்றேன். அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் குறையட்டும் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு பட்டியல்கள்

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே ஒரு நோட்டில் இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்தவர்களும் முந்தைய புத்தகத்தை வாங்கியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை முதல் பட்டியலில் வரும்: விலை, பக்க எண்ணிக்கை, வெளிவரும் நாள், தாமதம், கதையில் செய்திருக்கும் மாற்றம், அடுத்த பாகம் உண்டா இல்லையா என்பன. உங்கள் பெயரையே கேள்விப்படாதவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டாவதில் வரும்: இது என்ன கதை, யார் வரைந்தது, எங்கே கிடைக்கும் என்ற மூன்றே செய்திகள். முதல் பட்டியல் உங்கள் கையாலேயே வாசகரைச் சேர வேண்டும். இரண்டாவதைப் பத்திரிகை உங்களைவிட நன்றாகக் கொண்டுசேர்க்கும். பின்வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைகின்றன.

இரண்டாம் படி: புத்தகத்துக்குள்ளேயே ஒரு கடிதப் பக்கம்

படக்கதை உலகில் வாசகரோடு நேரடியாகப் பேசும் வழக்கம் இணையத்தால் வந்ததன்று. அமெரிக்கப் படக்கதை வெளியீட்டாளரான மார்வெல் நிறுவனம் 1962இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழின் மூன்றாம் எண்ணிலேயே வாசகர் கடிதப் பக்கத்தைத் தொடங்கிவிட்டது. அதன் ஆசிரியர் ஸ்டேன் லீ சில ஆண்டுகளில் தமக்கென ஒரு தனிப் பத்தியையும் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் தங்களோடு உரையாடுகிற ஒரு மனிதராகவே வாசகர்கள் அவரை எண்ணினார்கள். 1997 முதல் ஜப்பானில் வெளிவரும் ஒன் பீஸ் தொடரின் ஓவியர் எய்சிரோ ஓடா, தொகுப்பு நூல்களில் எஸ்பிஎஸ் என்ற கேள்வி பதில் பகுதியை நடத்துகிறார். அங்கே குழந்தைத்தனமான கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்கிறார். இந்தியாவில் 1980இல் தொடங்கிய டிங்கிள் இதழில் அனந்த் பை, ‘அங்கிள் பை’ என்ற பெயரோடு சிறுவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதினார்.

தமிழில் இதற்கு நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ். 1984இல் தொடங்கிய அந்த இதழில் ஆசிரியர் எஸ். விஜயன் எழுதும் ‘ஹாட் லைன்’ பக்கத்தைக் கதைக்கு முன்பே படிக்கிற வாசகர்கள் பலரை எனக்குத் தெரியும். இதழ் ஏன் தாமதமானது, அடுத்து வரப்போகும் தொடர் எது என்பதையெல்லாம் ஒரு வீட்டுப் பெரியவர் வரவு செலவைப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல அவர் எழுதுவதுதான் அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது மிக எளிது. அச்சகத்தில் புத்தகம் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதிகளாக, ஓடும். கதை 30 பக்கங்களில் முடிந்தால் இரண்டு பக்கங்கள் மிஞ்சும். அவற்றை விளம்பரத்தால் நிரப்பாமல் ஒன்றில் உங்கள் கடிதத்தை எழுதுங்கள். மற்றொன்றை அடுத்த புத்தகத்தில் வாசகர் கடிதங்களுக்கென ஒதுக்குவதாக அறிவியுங்கள். பக்கம் மிஞ்சாவிட்டால் முன்னட்டையின் உட்புறம் போதும். கடிதம் 250 சொற்களைத் தாண்ட வேண்டாம். கதையை எங்கிருந்து எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள், எந்த இடம் உங்களுக்கே முழு நிறைவாக வரவில்லை என்ற மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மூன்றாவதை எழுதத்தான் கை நடுங்கும். ஆயினும் எனக்கு வந்த பயனுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த பதில்கள்தாம்.

மூன்றாம் படி: கைப்பேசியில் செய்தி அனுப்புதல்

வாட்ஸ்அப்பில் மூன்று வழிகள் இருக்கின்றன. தொடங்கும்போதே அவற்றின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழு அமைத்தால் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஆகவே கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்கக் கூடாது. பெண் வாசகர்களின் பொருட்டு இதில் நாம் மிகுந்த கவனத்தோடு இருப்பது கடமை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி சேரும். சேனலில் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. 100 பேருக்குள் முன்பதிவு இருக்கும் தொடக்கக் காலத்தில் பிராட்காஸ்ட் பட்டியலே சிறந்தது என்பது என் அனுபவம், ஏனென்றால் வாசகர் எழுதும் பதில் உங்களுக்கு மட்டும் வந்து சேர்கிறது, மற்றவர் முன்னால் கேட்கத் தயங்குகிறவரும் கேட்டுவிடுகிறார்.

தாமதம் நேர்ந்தால் வாசகர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “வணக்கம். 15ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்ன புத்தகம் 22ஆம் தேதிதான் கிளம்பும். அட்டையில் நிறம் சரியாக வராததால் மறுபடி அச்சிடுகிறோம். பணத்தைத் திரும்பப் பெற விரும்பினால் இந்த எண்ணுக்கே எழுதுங்கள்” என்ற அளவு போதும். காரணம் ஒன்று, புதிய தேதி ஒன்று, வாசகருக்கு உள்ள உரிமை ஒன்று. வேறு சமாதானம் வேண்டியதில்லை.

நான்காம் படி: புத்தகத் திருவிழாவில் நேருக்கு நேர்

மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழா நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் வெளியூர்களிலிருந்தும் அந்த நாள்களில் ஈரோட்டுக்கு வந்து ஆசிரியர் விஜயனோடு அமர்ந்து பேசுவதை வழக்கமாகவே கொண்டிருக்கிறார்கள். அரங்கு எடுக்க வசதி இல்லாவிட்டாலும், தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் ஒரு மாலை அமர இடம் கேளுங்கள். அங்கே நீங்கள் பேசுவதைவிடக் கேட்பதே அதிகமாக இருக்க வேண்டும். கேட்டதை அன்றிரவே எழுதிவைத்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பத்திரிகைப் பேட்டிக்குத் தயாராதல்

நாளிதழ்களின் ஈரோடு, கோவைப் பதிப்புகளில் மாவட்டப் பக்கங்களுக்கு உள்ளூர்ச் செய்திகள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பகுதிநேர நிருபர் ஒருவர் உங்களைத் தேடி வருவது அரிய நிகழ்வன்று. ஆனால் பேட்டி உங்கள் வாயிலிருந்து வாசகர் கண்ணுக்குப் போவதற்குள் பல கைகள் மாறுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். நிருபர் உங்களிடம் அரை மணி நேரம் பேசி 300 சொற்கள் எழுதுவார். பக்கத்தில் இடம் குறைந்தால் உதவி ஆசிரியர் அதை 120 சொற்களாகச் சுருக்குவார். தலைப்பை உங்களைச் சந்தித்தே இராத ஒருவர் இடுவார். இதில் யாருடைய தீய எண்ணமும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலை நடக்கும் முறையே அதுதான்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1966 ஜனவரியில் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மார்வெல் அலுவலகத்தைப் பற்றி வெளியான கட்டுரை சான்று. அது ஸ்டேன் லீயை உற்சாகமும் கற்பனையும் நிறைந்தவராகக் காட்டியது. அவரோடு சேர்ந்து பல பாத்திரங்களை உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பியையோ, உள்ளாடைத் தொழிற்சாலையின் உதவி மேற்பார்வையாளர் என்று நினைக்கத் தோன்றும் தோற்றமுடையவராக வருணித்தது. கட்டுரையை எழுதியவர் லீ அல்லர். ஆயினும் கிர்பியும் அவருடைய மனைவியும் ஆழமாகப் புண்பட்டார்கள், லீக்கும் கிர்பிக்கும் இடையே விழுந்த விரிசலில் அந்தக் கட்டுரைக்கும் பங்கு உண்டு. இருவர் சேர்ந்து செய்யும் புத்தகமாயின் பேட்டிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவரால் வர இயலாவிட்டால் மற்றவருடைய பெயரையும் பணியையும் எழுதிக் கையில் கொடுங்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என நண்பர்கள் சேர்ந்து செய்யும் புத்தகங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

நிருபர் வரும்போது மூன்று பொருள்கள் ஆயத்தமாக இருக்கட்டும். முதலாவது ஒரு பக்கச் செய்திக்குறிப்பு. பெயர்களின் எழுத்துக்கூட்டலும் விலையும் பக்க எண்ணிக்கையும் கிடைக்குமிடமும் அதில் பிழையின்றி இருக்க வேண்டும். அடுத்து, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் அட்டைப்படமும் உள்பக்கம் ஒன்றும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். கடைசியாக, உங்கள் கதையை இரண்டே வாக்கியங்களில் சொல்லும் பயிற்சி. செய்தி சுருங்கும்போது கடைசிவரை தப்பிப் பிழைப்பவை அந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

அச்சாகும் முன் முழுச் செய்தியையும் காட்டும்படி நாளிதழ் நிருபரிடம் கேட்பது முறையாகாது; பெயர்களையும் எண்களையும் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்கலாம், பெரும்பாலோர் இசைவார்கள். மாத இதழ்களின் நீண்ட நேர்காணல் வேறு வகையைச் சேர்ந்தது. டின்டின் படக்கதைகளை வரைந்த பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1971இல் நுமா சதூல் என்ற இளைஞருக்கு அளித்த உரையாடல்கள், எர்ஜே தம் கையாலேயே பலமுறை திருத்திய பிறகு 1975இல் நூலாயின. அத்தகைய அவகாசம் கிடைக்குமானால், எழுத்தில் பதில் தர அனுமதி கேளுங்கள்.

பேட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. ஸ்பைடர்மேனை வடிவமைத்த ஸ்டீவ் டிட்கோ, 1960களின் இறுதியிலிருந்து 2018இல் மறையும் வரை பத்திரிகைப் பேட்டிகளை மறுத்தவர். ஆனால் வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்குக் கைப்பட விடை எழுதினார். அவருடைய உறுதியை மதிக்கிறேன். ஆயினும் அவர் பேட்டியை மறுத்தபோது அவருடைய படைப்பை உலகமே அறிந்திருந்தது. 300 பிரதிகளோடு தொடங்கும் நமக்கு அந்த வழி உதவாது என்றே சொல்வேன்.

ஆறாம் படி: வரிசை

நான் தவறியது இந்த இடத்தில். என் முதல் புத்தகம் நம் கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை ஒட்டியது. பொன்னர், சங்கர் வரலாறு உடுக்கடிப் பாட்டாகப் பல வடிவங்களில் பாடப்படுவது. பலருக்கு அது தெய்வ வரலாறும் ஆகும். நான் அதைத் தங்கை அருக்காணியின் கண்வழியாகத் தொடங்கியிருந்தேன். முன்பதிவு செய்த 140 பேரிடம் விலையையும் தேதியையும் மட்டும் சொல்லியிருந்தேனே தவிர, இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்தகம் அவர்கள் கைக்குப் போவதற்கு நான்கு நாள்கள் முன்பு வந்த நிருபரிடமோ அதை மகிழ்ச்சியோடு விரிவாகச் சொன்னேன். மறுநாள் வந்த தலைப்பு, நான் அண்ணன்மார் கதையையே மாற்றி எழுதிவிட்டதாகச் சொல்லிற்று. உள்ளே இருந்த செய்தி சரியானதுதான். ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்களின் அழைப்புகள் காலை 7 மணிக்கே தொடங்கிவிட்டன.

கோபமான அழைப்புகள் என்னை அவ்வளவாக வருத்தவில்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து, முன்பதிவில் முதல் பத்துப் பெயர்களுக்குள் இருந்த ஒரு பெரியவர் அழைத்து, “மாத்தறது உங்க உரிமைங்க. ஆனா பணங்கட்டுன எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க, பேப்பர்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமுங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வரிசை இது: கதையில் உள்ள மாற்றம், விலை, தாமதம் ஆகியவை பேட்டிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே வாசகருக்குப் போய்விட வேண்டும், வாசகரிடமிருந்து வரும் கேள்விகளைப் படித்த பிறகே நிருபரைச் சந்திக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாசகர் எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்கிறாரோ, அதே சொல்தான் தலைப்பிலும் சிக்கல் தரும். “மாற்றினேன்” என்று நான் சொன்னதை இப்போது “அருக்காணி சொல்வதாகத் தொடங்கினேன்” என்று சொல்கிறேன்.

ஏழாம் படி: பிழை வந்துவிட்டால்

அச்சான செய்தியில் தகவல் பிழை இருந்தால், அன்றே நிருபரை அழைத்து அமைதியாகத் தெரிவியுங்கள். பெயர், விலை போன்றவற்றுக்குத் திருத்தம் கேட்பது உங்கள் உரிமை. தலைப்பு பிடிக்கவில்லை என்பதற்குத் திருத்தம் கேட்க முடியாது. அதற்கு மருந்து உங்கள் சொந்தக் கடிதம்தான்: நீங்கள் சொன்னதை முழுமையாக எழுதி வாசகர்களுக்கு அனுப்புங்கள், நிருபரின் பெயரைக் குறிப்பிட்டு வாசகர்களை அவர்மேல் ஏவிவிடாதீர்கள். அடுத்த புத்தகத்துக்கும் அவர்தான் வருவார்.

காங்கேயத்துப் பெரியவரிடம் அவருடைய மறுப்பை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். மூன்று தாள்களில் எழுதியிருந்தார். தம் ஊரில் பாடப்படும் வடிவம் என் கதையிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பதையும் குறித்திருந்தார். இரண்டாம் பாகத்தின் கடிதப் பக்கம் அவருடைய கடிதத்தோடுதான் தொடங்குகிறது. ஒரு வரியும் குறைக்காமல் வெளியிட்டேன், அதற்காகக் கதையில் ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொண்டேன்.