கொரியச் சொல்லுக்கு ஆங்கில எழுத்து: எங்கெல்லாம் சறுக்குகிறது

தென்கொரியாவின் பெரிய துறைமுக நகரத்தைத் தமிழில் ‘புசான்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதப்போனால்தான் தகராறு. முதல் எழுத்து ‘பாம்பே பி’யா, ‘பாரிஸ் பி’யா? போனில் பெயர் சொல்லும்போது நாம் இப்படித்தானே பிரித்துச் சொல்கிறோம், இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம். இன்றைய சாலைப் பலகைகளில் பாம்பே பி. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டில் இன்னும் பாரிஸ் பி. அந்நகரின் திரைப்பட விழா 2011-ல் பாம்பே பி-க்கு மாறிவிட்டது. அதே ஊரின் தேசியப் பல்கலைக்கழகம் பாரிஸ் பி-யை விடவில்லை. நான்குமே சரி. ‘இது தப்பு’ என்று ஒருவர் மற்றவரைத் திருத்தப் புறப்படுவதுதான் முதல் தவறு.

எந்த முறை, எந்த ஆண்டு என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மெக்யூன், ரைஷவர் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய முறை 1939-ல் வெளிவந்தது. வெளிநாட்டுக் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி எழுதுவது அதன் கொள்கை. தென்கொரியக் கல்வி அமைச்சகம் 1959-ல் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. 1984-ல் அரசு மெக்யூன்-ரைஷவர் முறையையே சற்று மாற்றி எடுத்துக்கொண்டது. 2000 ஜூலையில் மறுபடி மாற்றம். இன்று நடப்பில் இருப்பது அதுதான். ஆகவே ஒரே ஊருக்கு 1975 வரைபடத்தில் ஒரு எழுத்து, 1990 வரைபடத்தில் வேறொன்று, இன்று மீண்டும் பழையதைப் போன்ற ஒன்று என்று கிடைத்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வடகொரியா மெக்யூன்-ரைஷவரைத் தழுவிய தன் சொந்த முறையை வைத்திருக்கிறது. மொழியியலாளர்கள் யேல் முறையில் எழுதுவார்கள். அதில் சியோலின் முதல் உயிரொலிக்கு வெறும் ‘இ’ என்ற ஒரே ஆங்கில எழுத்துதான். அது தெரியாமல் மொழியியல் கட்டுரையைப் படித்தால் எல்லாமே தப்பாகத் தெரியும்.

இந்தத் தகராறின் வேர் தமிழருக்கு எளிதில் விளங்கும். ‘கடல்’ என்பதன் ககரமும் ‘தங்கம்’ என்பதன் ககரமும் ஒலியில் வேறு. ஆனால் நமக்கு ஒரே எழுத்து, வேறுபாடு காதில் உறைப்பதுகூட இல்லை. கொரிய மொழியின் சாதாரண ககரமும் அப்படியே: சொல்லின் முதலில் ‘கே’ போல, இரண்டு உயிர்களுக்கு நடுவில் ‘ஜி’ போல. மெக்யூன்-ரைஷவர் காதை நம்பி முதலில் ‘கே’ போட்டது. 2000-ம் ஆண்டு முறை, உயிருக்கு முன்னால் வந்தால் எங்கிருந்தாலும் ‘ஜி’, மெய்க்கு முன்னும் சொல்லின் கடைசியிலும் ‘கே’ என்று விதித்தது. கிம்போ, காங்னாம், க்வாங்ஜு எல்லாம் ஜி-க்கு நகர்ந்தது இதனால்தான். ‘ஜி என்று எழுதியிருக்கிறதே’ என்று தொண்டை அதிர உச்சரிப்பது அடுத்த சறுக்கல். நம் ‘கடல்’ ககரத்தைச் சொன்னாலே கொரியர் காதுக்கு ஏறக்குறைய போதும்.

அப்படியானால் கே-யையே வைத்திருக்கலாமே என்று தோன்றும். சிக்கல் மூச்சில் இருக்கிறது. கொரிய மொழியில் நிலாவுக்கு ‘தல்’, முகமூடிக்கும் ‘தல்’, மகளுக்கும் ‘தல்’. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. கொரியருக்கு மூன்றும் மூன்று சொல். நிலா மென்மையாக, முகமூடி மூச்சைத் தள்ளி, மகள் தொண்டையை இறுக்கி. 2000 முறையில் இவற்றின் முதலெழுத்து முறையே டெல்லி டி, ஒற்றை டீ, இரட்டை டீ. பழைய முறையில் நிலாவுக்கும் முகமூடிக்கும் ஒரே டீ; முகமூடிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு மேற்குறி. தட்டச்சில் அந்த மேற்குறியை யார் போடுவார்கள்? அது விழுந்ததும் முகமூடி நிலாவாகிவிடும்.

மேற்குறியை விடுவது ஊர் மாறும் அளவுக்குப் போகும். பழைய முறை ‘ஒ’ போன்ற இரண்டு உயிர்களை, ஓ-வின் தலையில் பிறை போட்டும் போடாமலும் பிரித்துக் காட்டியது. பிறையும் மேற்குறியும் போன பிறகு, தென்கொரியாவின் வட சுங்சொங் மாகாணத்துச் சொங்ஜுவும் வடகொரியாவின் வட பியோங்கான் மாகாணத்து ஜொங்ஜுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. நடுவே எல்லை வேறு! பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயர் பார்க்கும்போது மாகாணத்தையும் குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் தலைவலிதான்.

புதிய முறை பிறைக்குப் பதிலாக இரட்டை எழுத்துகளைக் கொண்டுவந்தது: இ-ஓ, இ-யு. கணினியில் அடிக்க வசதி. ஆனால் அதிகம் பேர் விழும் குழியும் இதுதான். இ-ஓ என்பது ‘இயோ’ அல்ல, ஒரே உயிரொலி. அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவுக்கான கொரியச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்து ‘இயோம்மா’ என்பவர்கள் நிறையப் பேர். சரியானது ‘ஒம்மா’வுக்குப் பக்கத்தில் வரும். தலைநகரின் பெயரும் சொ-உல் என்று இரண்டு அசைதான். எழுத்தைப் பிரிக்க வேண்டிய இடம் எஸ்-இ-ஓ, பிறகு யு-எல். தமிழில் நிலைத்துவிட்ட ‘சியோல்’ ஆங்கில எழுத்தைத் தப்பாகப் பிரித்ததில் பிறந்தது. பழகிவிட்டது, மாற்றச் சொல்லவில்லை. புதிதாக வரும் பெயர்களிலாவது அதைத் திரும்பச் செய்யாமல் இருக்கலாம்.

இ-யு இன்னும் எளிது, தமிழருக்கு மட்டும். ‘அது’, ‘பாட்டு’ ஆகியவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம்தான் அது. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பயிற்சி செய்யும் ஒலியை நாம் பேச்சில் நூறு முறை சொல்கிறோம். அதை ‘இயு’ என்று நீட்டிக் கெடுக்காமல் இருந்தால் சரி.

அடுத்தது யு-வின் பொறி. பாதிச் சண்டைகள் இந்த ஒரு எழுத்தால் வருபவை. அரசு முறையில் யு என்றால் உகரம். ஆனால் பல காலமாக மக்கள் தங்கள் பெயரை ஆங்கிலேயர் வாய்க்கு ஏற்ப எழுதிவந்தார்கள். ஆங்கிலத்தில் ‘சன்’, ‘கப்’ போன்ற சொற்களில் யு அகரமாக ஒலிப்பதால், மேலே சொன்ன இ-ஓ ஒலிக்கு யு போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சாம்சங், ஹூண்டாய் இரண்டிலும் இருப்பது அந்த யு. அரசு முறைப்படி சாம்சங்கின் இரண்டாம் அசை எஸ்-இ-ஓ-என்-ஜி. சியோலின் காங்னாம் பகுதியில் சம்சொங் என்றொரு ரயில் நிலையம் உண்டு. கொரியர்களின் சொந்த எழுத்தான ஹங்குலில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, கம்பெனிக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலத்தில் வேறுவேறாக எழுதுகிறார்கள். ஹூண்டாய் அவர்கள் வாயில் ‘ஹ்யொந்தே’. நாம் யு-வை ஊகாரமாகவும், ஏ-ஐ ஜோடியை ‘ஆய்’ ஆகவும் படித்துவிட்டோம்.

இதனால் ஜே-யு-என்-ஜி என்று கண்டால் உடனே முடிவெடுக்கக் கூடாது. குடும்பப் பெயரானால் பெரும்பாலும் ‘ஜொங்’. சியோலின் மைய வட்டாரப் பெயரில் அதே நான்கு எழுத்தும் ‘ஜுங்’. பி.டி.எஸ். குழுவின் ஜங்குக் பெயரில் முதல் அசை ‘ஜொங்’. இரண்டாம் அசையின் உகரத்துக்கு இரட்டை ஓ. ஒரே பெயருக்குள் ஆங்கிலேயப் பழக்கம் இரண்டு வகையாக வேலை செய்கிறது.

இதைப் பார்த்துவிட்டு மனிதர்களின் பெயரைத் ‘திருத்த’ கிளம்புவது பெரிய தவறு. 2000-ம் ஆண்டு விதியே ஆட்பெயர், நிறுவனப் பெயர்களை இதுவரை எழுதிவந்தபடி தொடரலாம் என்கிறது. விதிப்படி எழுதினால் ‘கிம்’ ஜி-யில் தொடங்கும், ‘லீ’ வெறும் ஐ என்ற ஓரெழுத்தாகும், ‘பார்க்’ பாம்பே பி-யில் தொடங்கி ஆர் இல்லாமல் நிற்கும். யாரும் அப்படி எழுதுவதில்லை. பார்க்கில் அந்த ஆர் ஒலிப்பதற்காக வந்ததல்ல. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஏ-ஆர் சேர்ந்தால் ‘ஆ’ என்று ஒலிக்கும் என்பதால் செருகியது. கொரியர் சொல்வது ‘பக்’. முன்னாள் அதிபர் ரோ மூ-ஹ்யூனின் குடும்பப் பெயர் அவர்கள் வாயில் ‘நோ’. சோய் என்று நாம் படிப்பது ‘ச்வே’க்கு அருகில் வரும். பாஸ்போர்ட்டில் ஒருமுறை பதிந்த ஆங்கில எழுத்தை மாற்றச் சட்டம் எளிதில் விடாது. ஆகவே விசா, சான்றிதழ், விமானச் சீட்டு எதிலும் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் நகலெடுங்கள். மொழியறிவைக் காட்டும் இடம் அதுவல்ல. வடகொரியப் பெயரானால் இன்னொன்றும் உண்டு: தெற்கில் ‘ஈ’ என்று ஒலிக்கும் குடும்பப் பெயர் வடக்கில் ‘ரி’. அங்கே ஹங்குலிலேயே அந்தப் பெயரை வேறாக எழுதுகிறார்கள், ஆங்கில எழுத்து முறையின் குற்றமல்ல.

ஊர்ப்பெயர்களில் சறுக்குவது வேறு காரணத்தால். ஹங்குல் படிக்கத் தெரிந்தவர்களே இதில் அதிகம் மாட்டுவார்கள். நாம் நல்+நூல் என்பதைப் புணர்ந்த வடிவில் ‘நன்னூல்’ என்று எழுதுகிறோம். ஹங்குல் பிரித்த வடிவத்தை எழுதும், வாய்தான் புணர்த்தும். 2000-ம் ஆண்டு முறை வாயின் பக்கம் நிற்கிறது. ஹங்குலில் ஜொங்-ரோ, பலகையில் ஜொங்னோ. சின்-ரா என்ற பழைய அரசு சில்லா. வாங்-சிப்-ரி என்று எழுதியிருப்பது வாங்சிம்னி. சொன்-ருங் என்ற நிலையம் ‘சொல்லுங்’. தமிழர் ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வரைபடத்தில் இல்லாத ஊர்தான் கிடைக்கும்.

இதற்கும் விலக்கு உண்டு. ஆட்பெயரில் அசைகளுக்கு நடுவே புணர்ச்சியைக் காட்டக்கூடாது. போக்னம் என்ற பெயர் வாயில் ‘போங்னம்’ ஆனாலும் எழுத்தில் கே நிற்கும். புணர்ச்சியால் வரும் அழுத்தத்தையும் எங்குமே காட்டுவதில்லை. தொக்போக்கி என்ற அரிசி மாவுப் பண்டம் இதற்கு நல்ல பாடம். முதலெழுத்து இயல்பிலேயே இறுக்கமானது, ஆகவே இரட்டை டீ. நடுவில் வரும் பகரம் பேச்சில் இறுகினாலும் அது பக்கத்து எழுத்தின் வேலை, ஆகவே ஒற்றை பாம்பே பி. கடைசியில் சொல்லுக்கே உரிய இரட்டை கே. பாக்கெட்டுகளில் நீங்கள் பார்க்கும் மற்ற எழுத்துக்கூட்டல்கள் வியாபாரப் பெயர்கள். விதியல்ல, குற்றமும் அல்ல.

உணவுப் பெயர்களில் ஒழுங்கு எதிர்பார்ப்பதே வீண். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2021-ல் கொரிய மூலமுள்ள 26 சொற்களைச் சேர்த்தது. அதில் கல்பி ஜி-யில், கிம்பாப் கே-யில். கொரிய மொழியில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதான். சாப்பிட்டுக் காட்டும் வீடியோவுக்கான முக்பாங் யு-வோடு ஏறியது. அரசு முறையில் அது இ-ஓ. ஆங்கிலச் சொல்லாகிவிட்டதை அகராதி எழுதுகிறபடி எழுதுங்கள். கிம்ச்சியை ஜி-யில் எழுதி வாசகரைக் குழப்ப வேண்டாம்.

இணைப்புக்கோடு சின்ன விஷயம்தான், ஆனால் முகவரி தவறும். மாகாணம், வட்டம், பேட்டை என்று நிர்வாகப் பிரிவைக் குறிக்கும் விகுதிக்கு முன் கோடு வரும். மலை, ஆறு, தீவின் பெயரோடு ஒட்டிய விகுதிக்குக் கோடு கிடையாது. அசை எங்கே பிரிகிறது என்ற குழப்பம் வருமிடத்தில், விரும்பினால், கோடு போடலாம். ஹேஉந்தே கடற்கரையின் பெயரில் ஏ-இ-க்குப் பிறகு கோடு போடாவிட்டால் அடுத்த யு-வை எதனுடன் சேர்ப்பது என்று வெளியூர்க்காரர் திணறுவார்.

தேடும்போது இவையெல்லாம் கைகொடுக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகப் பட்டியல் இன்னும் மெக்யூன்-ரைஷவர் வழியில் போகிறது. அங்கே ஜி-யில் தேடிக் கிடைக்காத ஊரைக் கே-யில் தேடுங்கள், இ-ஓ-வை வெறும் ஓ ஆக்குங்கள், ஜே-வுக்குச் சி-எச் போட்டுப் பாருங்கள். ஜேஜு தீவின் பழைய எழுத்து சி-எச்-இ-யில் தொடங்கும். அதன் விமான நிலையக் குறியீட்டின் முதலெழுத்து இன்னும் சி என்பது அதனால்தான். ஹங்குல் வடிவம் கையில் இருந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை, அதையே ஒட்டித் தேடலாம். தமிழில் எழுதும்போதும் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாமல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதினால் ‘இயோ’க்கள் பாதி குறையும். அரசு முறைக்கு மாற்றித் தரும் இலவசக் கருவி ஒன்றை இணையத்தில் வைத்திருப்பது, வேடிக்கையாக, பாரிஸ் பி-யை விடாத அதே புசான் பல்கலைக்கழகம்.