எல்எம்317 திரும்பத் திரும்பப் போகிறதா? இப்படித் தேடுங்கள்

7 ஆம்பியர்-அவர் யுபிஎஸ் பேட்டரிக்கு நானே செய்த சார்ஜரில், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 ஐசி ஒரே மாதத்தில் மூன்று போனது. புதுசு மாட்டினால் நாலு நாள் ஓடும், அப்புறம் அவுட்புட் எகிறும். டூப்ளிகேட் ஐசி கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டினேன். தப்பு என் மேல்தான்.

சர்க்யூட் எளிது: 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நாலு டயோடு), 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எல்எம்317, நேராக பேட்டரி.

1. உடனே புது ஐசி மாட்டாதீர்கள். எது போனது என்பதைவிட எப்போது போனது என்பதுதான் முக்கியம். சார்ஜ் ஏறும்போதா, கரண்ட் வந்தபோதா, பேட்டரியை மாட்டியபோதா? தாளில் குறித்து வையுங்கள்.

2. பிளக்கையும் பேட்டரியையும் கழற்றி, கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மல்ட்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து பிரிட்ஜைச் சோதியுங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் காட்டக் கூடாது.

3. ஐசியைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் ஒயரில் சீரீஸில் போட்டு மெயின்ஸ் கொடுங்கள். எல்ஈடி பல்பு உதவாது. பல்பு முழுசாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரிலோ பிரிட்ஜிலோ ஷார்ட். எரியாவிட்டால் கெப்பாசிட்டரில் 20 வோல்ட் சுமாருக்கு இருக்கும்.

4. சூடு: 20-இல் 12 போனால் மிச்சம் 8 வோல்ட். 1 ஆம்பியர் ஓடினால் 8 வாட்டும் ஐசியில் வெப்பமாகும், ஹீட்சிங்க் கட்டாயம். ஐசியின் உலோக முதுகு அவுட்புட் கால்தான். கரண்ட் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் சார்ஜரின் உலோகப் பாடியில் முடுக்கினால் ஷார்ட். ஆனால் அதிகச் சூட்டில் இந்த ஐசி தானே அடங்கிவிடும். அதனால் என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது.

5. நான் முதலில் பேட்டரி கிளிப்பை மாட்டிவிட்டு, பிறகுதான் சுவிட்ச் போடுவேன். அந்த நேரத்தில் கெப்பாசிட்டர் காலி. பேட்டரியின் 12 வோல்ட் அவுட்புட் காலில் நுழைந்து, இன்புட் கால் வழியாகப் பின்பக்கமாகப் பாய்ந்து கெப்பாசிட்டரை நிரப்புகிறது. இந்த ஐசி அதற்குச் செய்ததில்லை. ஒரே அடியில் சாகாமல் பல அடி வாங்கிச் சாவதால்தான் காரணம் பிடிபடுவதில்லை.

சோதிக்க: நல்ல ஐசி மாட்டி, மெயின்ஸ் இல்லாமல், பேட்டரியை 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பு வழியாக இணையுங்கள். கெப்பாசிட்டரில் வோல்டேஜ் ஏறினால் திருடன் அகப்பட்டான்.

6. அவுட்புட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே 1என்5408 டயோடு போடுங்கள், டயோடின் மேலுள்ள கோடு பேட்டரி பக்கம். ஐசியின் இன்புட், அவுட்புட் கால்களுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு இன்புட் பக்கம். பேட்டரி ஒயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ்.

டயோடு கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும். சும்மா மீட்டரை மட்டும் வைத்து செட் செய்தால் ஏமாற்றும். முழுசாக ஏறிய பேட்டரியை மாட்டி, அதன் முனையில் 13.7 வோல்ட் வரும்வரை பிரீசெட்டை (ஐசியின் அவுட்புட் வோல்டேஜை மாற்றும் திருகு ரெசிஸ்டர்) திருப்புங்கள்.

பிறகு கெப்பாசிட்டரைக் காலி செய்து, வண்டி பல்பு சோதனையை மறுபடி செய்யுங்கள். மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும்.